வீரபாண்டிக் கம்ப வழிபாடும் சிவபுண்ணியமும்

சிவமயம்



சிவவழிபாட்டினைத் தொடங்குமாறும் நடத்துமாறும் முடிக்குமாறும் சிவாகமங்களிலும் அவற்றின்வழி எழுந்த பத்ததிகளிலும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. அவற்றைக் கற்றோர் கற்றவாறே செய்க. அதுபற்றி யாம் ஈண்டு ஒன்றும் கூறப்புகுந்திலேம். ஆகமம் ஓதாதவரும் தீக்கை பெறாதவரும், தம் பாட்டியும் தாயும் செய்து காட்டியபடியே ஆண்டுதோறும் செய்துவரும் பெருவழிபாடுகள் நம் நாட்டில் அளவிறந்தன உள. அவற்றிற்கும் ஒரு நெறி உண்டோ, அந்நெறி சைவத்துள் அடங்குமோ, அடங்குமெனின் அவர்பால் நாம் செய்யக்கடவது யாது என்பனவே இன்று ஆராய எடுத்துக்கொண்டவை. எடுத்துக்காட்டாகத் தேனியினின்று கம்பத்திற்குச் செல்லும் பெருவழியில், முல்லையாற்றங்கரைக்கண் விளங்கும் வீரபாண்டிக் கௌமாரியம்மை திருக்கோயிலின் சித்திரை விழாவைக் கொள்வாம். கம்பம் என்னும் ஊர்ப்பெயரையும், அவ்விழாவில் நடப்பெறும் கம்பத்தையும் கேட்போர் ஒன்றாக மயங்கற்க.

இவ்வாராய்ச்சி இப்போது வேண்டப்படுவது என்னையெனின், கற்றறிந்த சைவர் சிலர், கம்பம் நடுதலும் தீச்சட்டி ஏந்துதலும் சைவமல்ல, அவற்றை அகற்றி ஆகம முறைப்படி கொடியேற்றம் ஒன்றே நிகழ்த்தல் வேண்டும் எனக் கூறுகின்றனர். அவர்தம் சிவபத்தியில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவர் கூற்றை ஏற்குமுன் அவ்வழிபாட்டின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குதல் அறிவுடையார் கடன்.

மேனாட்டார் இத்தகைய வழிபாடுகளைப் ‘பேகன்’ வழிபாடு என்றனர். அச்சொல்லின் பிறப்பை நோக்கின் நகை தோன்றும். இலத்தீன் மொழியில் ‘பாகுஸ்’ என்பது நாட்டுப்புறம். அதிலிருந்து வந்த ‘பாகானுஸ்’ என்பது நாட்டுப்புறத்தான் என்றே பொருள்படும். நகரத்தார் புதுச்சமயம் புகுந்த பின்னும் பழைய வழிபாட்டை விடாது பற்றிநின்ற உழவனுக்கு அச்சொல் இகழ்ச்சிப் பெயராயிற்று என்பர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு பாதிரியார் தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி 1713-இல் எழுதி முடித்த நூலிலும், சென்னைப் பேராயராக இருந்த வைட்ஹெட்டு என்பார் 1916-இல் வெளியிட்ட கிராமதேவதை நூலிலும் மாரியம்மை வழிபாடு கூறப்பட்டுள்ளது. அவர்தம் முடிபு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கண்டதைக் குறித்துவைத்த உழைப்பு அவர்க்கிருந்தது. நம்மவருட் கற்றார் பலர் அவ்வளவுதானும் செய்திலர்.

இனித் தலத்தை நோக்குவாம். பாண்டியன் வீரபாண்டி கண்ணொளி இழந்து வருந்தி இவ்விடம் அடைந்து, கௌமாரியையும் கண்ணீசுவரமுடையாரையும் வழிபட்டு ஒளிபெற்றான் என்பது தலவரலாறு. அம்மை இங்குத் தவமிருந்தாள் என்றும், தன்னைக் கவரவந்த அசுரன்மேல் அறுகம்புல்லை எறிய அது முக்கவர்ப்படையாகி அவனைப் பிளந்தது என்றும் மற்றொரு வரலாறும் உண்டு. கௌமாரி எழுமாதருள் ஒருத்தி. எழுமாதரை நிறுவும் முறை சிவாகமங்களில் கூறப்பட்டதே. எனவே தெய்வத்தின் பெயரளவிலேனும் இவ்வழிபாடு சைவத்திற்குப் புறம்பு என்பார்க்கு இங்கு இடமில்லை. இழந்த கண்ணை இறைவன் அளித்தல் சைவர்க்குப் புதுமையுமன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஒரு கண் கச்சியிலும் மற்றொரு கண் ஆரூரிலும் பெற்றமையைத் திருத்தொண்டர் புராணத்துட் காண்கின்றோம். கண்ணுக்கு இயல்பிற் காணும் ஆற்றல் உண்டேனும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணமாட்டாதவாறு போல, உயிரும் இறைவனருள் காட்டினாலன்றிக் காணாது என்பது சித்தாந்தத் துணிபு. வீரபாண்டியில் அம்மைக்கு ஆயிரங்கண் பானை எடுப்போர் இதனை அறிந்து எடுக்கின்றாரோ அறியாது எடுக்கின்றாரோ, கண் கொடுப்பவள் அவள் என்பதில் உறுதியாக உள்ளனர்.

விழா சித்திரைத் திங்கள் முதிர்ந்த நிலையில் செவ்வாய்க்கிழமை தொடங்கி எட்டுநாள் நிகழும். அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னரே கோயில் முன்றிலில் முக்கவையுடைய மரக்கம்பம் நடப்பெறும். அக்கம்பத்தைச் சிவபெருமானாகவே கருதுவர். அன்று முதல் ஆடவரும் பெண்டிரும் முல்லையாற்றில் மூழ்கி, ஈர ஆடையுடன், குடத்தில் நீர் முகந்து, மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்துக் கம்பத்தின்மேற் சொரிவர். பின்னர் விழாநாட்களில் தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, வேல் குத்துதல், உடலெங்கும் சேறுபூசிவரும் சேத்தாண்டி வேடம் முதலிய நேர்த்திக்கடன்கள் நிகழும். தேரோட்டமும் உண்டு.

ஆகம விதிப்படி நிகழும் மகோற்சவத்தை இதனோடு ஒப்புநோக்குக. அங்கே முதற்கண் அங்குரார்ப்பணம்: பாலிகைகளில் தானியங்களை இட்டு முளைப்பித்தல். இப்பக்கத்து அம்மன் விழாக்களில் மகளிர் இருட்டறையில் வளர்த்து எடுக்கும் முளைப்பாரி அதுவேயன்றோ? அங்கே இரட்சாபந்தனம், இங்கே காப்புக்கட்டு. அங்கே துவசாரோகணம்; இங்கே கம்பம் நடுதல். அங்கே தீர்த்தவாரி, கொடியிறக்கம்; இங்கே ஆற்றில் நீராடலும், முளைப்பாரியை நீரில் விடுதலும். அங்கே சிவாக்கினி, இங்கே சட்டியில் ஏந்திய தீ. ஆசாரியர் குறித்த மந்திரம் இல்லை, குண்ட மண்டபம் இல்லை, வடமொழிப் பெயர் இல்லை. ஆயினும் உறுப்புக்கள் வரிசை பிறழாது நிற்கின்றன. எது எதனினின்று வந்தது என்னும் வழக்கில் யாம் புகவில்லை. முளைத்தல், கட்டுண்டு நிற்றல், நிறுவுதல், நனைத்தல், எரித்தல், விடுத்தல் என்னும் இவ்வடைவு இரண்டிடத்தும் ஒன்றாயிருத்தலே நமக்கு வேண்டுவது.

“கொடிமரம் நிலையானது, கம்பமோ ஆண்டுதோறும் வெட்டிக் கொணரும் கட்டை, அதிற் சிவத்தைக் கருதுதல் தகுமோ?” என ஒருவர் எம்மை வினவினார். க்ஷணிகலிங்கம் என ஆகமம் கூறுவதை அவர் எண்ணிப் பார்த்திலர். மண்ணினாலும் அன்னத்தினாலும் அவ்வப்போது இலிங்கம் அமைத்து, அதன்கண் இறைவனை எழுந்தருள்வித்துப் பூசித்து, பூசை முடிவில் விடைகொடுத்து நீரில் விடுதல் விதியாகவே உள்ளது. கொங்குநாட்டு மாரியம்மன் கோயில்களில் விழா முடிந்தபின் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விடுதலைக் கண்டோர் இதனை எளிதின் உணர்வர். நிலைத்த திருவுருவில் இறைவன் என்றும் உளன். நிலையாத பொருளிலோ அன்பர் அழைத்த காலத்து வந்து, விடுத்த காலத்து மறைகின்றான். இரண்டும் அவனுக்கு ஒக்கும். கொடியேற்றம் ஒன்றே போதும் என்பார் கொடிக்கவி பிறந்த வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். தில்லையில் உமாபதிசிவம் விலக்கப்பட்டிருந்த காலத்து, விதி வழுவாது செய்தும் கொடி ஏறாது நின்றதென்றும், அவர் வந்து நான்கு பாட்டுக்கள் பாடிய பின்னரே ஏறிற்றென்றும் கேட்கின்றோம். கொடியை ஏற்றியது கயிறன்று. அப்பெருமானே தம் மடத்திற்கு விறகு சுமந்துவந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்தார். விறகு சுமப்பானுக்கு வீடு உண்டெனின், கம்பத்திற்கு நீர் சுமப்பார்க்கு அதன்கண் ஒரு படியேனும் இல்லை என்று கூற நாம் யார்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடியற்கு முன்பே ஆற்றினின்று நீர்க்குடம் சுமந்துவந்த முதியவள் ஒருத்தியை நோக்கி, “தாயே, இக்கம்பம் யாது?” என வினவினோம். அவள், “அது நம்ம ஐயாதான் சாமி. வெயில்ல நிக்கிறாரில்ல, சூடு தணியட்டும்னுதான் தண்ணி ஊத்துறோம்” என்றாள். ‘யாருக்காக இவ்வேண்டுதல்?’ என்றதற்கு விடையிறுக்கவில்லை. குடத்தைக் கவிழ்த்து மீண்டும் ஆற்றிற்குச் சென்றுவிட்டாள். பதிஞானம் இன்னதென அவள் அறியாள். ஐயாவுக்குச் சூடாயிருக்கும் என்பதை அறிவாள். கண்ணப்பர் காளத்தியிலே, விலங்குகள் வருமே, தனித்து இருப்பாரே என்று இறைவனுக்கு அஞ்சி இரவெல்லாம் வில்லேந்தி நின்றதும் இத்தகைய அறியாமையன்றோ? ஆகமம் கற்ற சிவகோசரியார்க்கு இறைவன் அந்த அறியாமையைத்தான் மறைந்திருந்து காணுமாறு பணித்தான்.

இங்கே நம் சித்தாந்தம் தந்துள்ள ஒரு பாகுபாடு பெரிதும் பயன்படும். சிவபுண்ணியம், அறியாது செய்வது எனவும் அறிந்து செய்வது எனவும் இருவகைத்து. முன்னையதை அபுத்திபூர்வம் என்றும் பின்னையதைப் புத்திபூர்வம் என்றும் வழங்குவர். திருமறைக்காட்டில் நெய்யுண்ணப் புகுந்த எலி, தன் மூக்கு விளக்கிற்பட்டுச் சுடத் திரியைத் தூண்டிற்று. அதற்கு வழிபாட்டு நினைவு சிறிதுமில்லை. ஆயினும் அது மாவலியாய்ப் பிறந்து மூவுலகு ஆண்டது. அறியாது தூண்டிய எலிக்கே அத்துணைப் பயன் எனின், மூன்று வாரம் காப்புக் கட்டி, நோன்பிருந்து, சிவன் எனப் பெயர்சொல்லி நீர் சொரிவாரை எவ்விடத்து வைப்பது? எலியினும் பலபடி மேலாக, அறிவின் வாயிலில் வைத்தல் வேண்டும். அவ்வாயிலைக் கடப்பித்தலே கற்றோர் கடன். வாயிலை இடித்தல் அன்று.

“அற்றேல், சிறுதெய்வ வழிபாடு எவ்வாறு சிவபுண்ணியமாம்?” எனின், அருணந்திசிவம் சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் இதனை ஐயமற விளக்கினார். எத்தெய்வத்தை எவர் வழிபடினும், அத்தெய்வமாக நின்று பயனளிப்பவன் அம்மையை ஒரு பாகத்துடைய பெருமானே என்பது அவர் கருத்து. வினை செய்து பிறந்து இறக்கும் ஏனைத் தெய்வங்கள் தாமே பயன் தரும் வலியுடையன அல்ல. வீரபாண்டியிலோ வேறு தெய்வம் என்றுகூடச் சொல்லற்கில்லை. சத்தியும் சிவமுமே அங்கு எதிரெதிர் நிற்கின்றனர்.

சத்தியின் சினத்தைப்பற்றி ஒன்று கூறுவாம். மாரியின் வெம்மை என்று மக்கள் அஞ்சும் அதனைக் கற்றோர் சிலர் மூடநம்பிக்கை என்று தள்ளுவர். உமாபதிசிவம் கூறிய திரோதான சத்தியை இவர் நினைவது நன்று. இறைவனது சத்தி ஒன்றே. அது மலம் பக்குவமாதற்பொருட்டு மறைத்து நின்று வருத்துங்கால் சினமுற்றதுபோல் தோன்றும். பக்குவம் வந்துழி அச்சினமே கருணையாக மாறி அருட்சத்தி எனப் பெயர்பெறும். வருத்தியவள் வேறு, காத்தவள் வேறு அல்லள். கொப்புளம் தந்தவளையே குளிர்விக்க வேண்டும் என்னும் அம்முதியவளின் நினைவுக்கும் இதற்கும் தொலைவு மிகுதியன்று. இச்சித்தாந்தத்தை மனத்துட்கொண்டே வீரபாண்டி மக்கள் நீர் சொரிகின்றனர் என யாம் கூறவில்லை. சித்தாந்தத்தை ஏற்றற்குரிய பாத்திரம் அவர் கையில் முன்னரே உள்ளது என்பதே கூறுகின்றோம்.

வைசூரி நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டோடு நின்றது. உலகெங்கும் ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறாகவும் கம்பத்திற்கு நீர் சொரிவார் தொகை குறையவில்லை. நோய்க்கு அஞ்சியே இவ்வழிபாடு எழுந்தது, நோய் நீங்கின் இதுவும் நீங்கும் என்று கணித்தோர் கணக்குத் தவறிற்று. நம் முன்னோர் அம்மைப்பாலும் குத்திக்கொண்டனர், அம்மைக்கு நீரும் சொரிந்தனர். ஒன்று மற்றொன்றற்குத் தடையென அவர் எண்ணிலர்.

இனி, இவ்வழிபாட்டை ஒருவன் மேற்கொள்ளுமாறு கூறுதும். நேர்த்திக்கடன் பெரும்பாலும் ஒரு வேண்டுதலிற் பிறக்கின்றது. மஞ்சட்டுணியிற் காசு முடிந்து வைத்து, ‘மகவு பிழைத்தால் சட்டி எடுப்பேன்’ என்பர். இது காமியம். பயன் கருதிச் செய்தலின் பசுபுண்ணிய வாடை இதன்கண் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அம்முடிச்சிலேயே சங்கற்பம் என்னும் கிரியையின் முதலுறுப்பு அமைந்துகிடக்கின்றது. செய்வேன் எனத் துணிதல், துணிந்ததைக் காலத்தோடு பிணித்தல், பிணித்ததை மறவாமை என்னும் மூன்றும் அதன்கண் உள. காசு முடிபவனிடத்து அவன் குடும்பத்துப் பெரியோர் ஒரு சொல் கூறின் போதும்: “பலித்தால் செய்வேன் என்னாதே, அவள் திருவுள்ளம் எதுவாயினும் செய்வேன் என்று முடி.” இச்சிறு திருத்தத்தால் காமியம் கழன்றுபோம். முடிச்சு அவிழாது நிற்கும்.

காப்புக் கட்டியபின் வரும் நாட்களே இவ்வழிபாட்டின் உயிர். புலால் உண்ணாமை, வைகறையில் நீராடல், தரையிற் படுத்தல், சினந்து பேசாமை என்பன மரபு. இவற்றுள் இறுதியதைப் பலர் மறந்தனர். தீ ஏந்தும் கைக்கு வாய் அடங்குதல் முதற்றகுதி. பத்துநாள் நோன்பை ஒருநாள் மாலையாகச் சுருக்கி, விழாவன்று காலை காப்புக் கட்டி நண்பகலிற் சட்டியெடுக்கும் வழக்கம் இப்போது பெருகுகின்றது. அது திட்டமுமன்று, வழிபாடுமன்று. கடனைத் தள்ளிவிடும் அவசரம்.

தீச்சட்டி புதிய மண்சட்டியாதல் வேண்டும். விரிசல் உளதா என முன்னாளே நீர் நிரப்பிப் பார்த்து உலர்த்திக்கொள்க. அடியில் மணலிட்டு, அதன்மேற் சிறு விறகடுக்கி, சூடமிட்டு மூட்டுவர். கைக்கு வேப்பிலை அணை. ஏந்துவோர் பருத்தியாடையே உடுத்தல் வேண்டும். செயற்கை நூலாடை தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். கூந்தலை இறுக முடிக்க. நீருடன் உறவினர் ஒருவர் உடன் வருக. சிறு குழந்தையைத் தோளிற் சுமந்துகொண்டு சட்டி ஏந்தலை யாம் ஒருபோதும் உடன்படேம். அம்மை அதனைக் கேட்டிலள். சட்டியைப் பெரும்பாலார் உந்திக்கு நேராக ஏந்துகின்றனர். சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரப் பொருளை ஓதினோர் இதனைக் கண்டவுடன் திடுக்கிடுவர். அகத்தே இதயம் பூசைக்கும், உந்தி ஓமத்திற்கும், புருவநடு தியானத்திற்கும் இடமென அங்கே கற்றோம். ஏட்டிற் படித்து நினைத்தற்கு அரிதாயிருந்த உந்தித் தீயைச் சித்திரை வெயிலிற் கையில் ஏந்தி ஒருவன் நடக்கின்றான். அவனிடத்துச் சென்று ஐந்தெழுத்தை அத்தீயினுள் நினை என்று சொல்லுவார் ஒருவர் இல்லையே என்பதே நம் வருத்தம்.

வேல் குத்துதலைப்பற்றி வினவுவார்க்கு, ஆகமம் அதனை விதிக்கவில்லை என்பதே எம் விடை. கணம்புல்லர் தம் தலைமயிரை விளக்காக எரித்தார், கலியர் உதிரத்தை எண்ணெயாக வார்க்கத் துணிந்தார் என எடுத்துக்காட்டுவோர், அவர் அதனை நாட்குறித்துச் செய்யவில்லை என்பதை மறக்கின்றனர். எண்ணெய் இல்லாதவழி அன்பு பொங்கி அவ்வாறு நிகழ்ந்தது. அன்பின் மிகுதி திட்டத்துள் அடங்காது. திட்டத்துள் அடக்கின் அது காட்சியாகிவிடும்.

உயிர்ப்பலியை மட்டும் எவ்வாற்றானும் ஏற்றற்கில்லை. ஆகமத்திற் பலி என்பது பலிபீடத்தில் இடும் அன்னமே. பசுவைப் பலியிடுக என்பதற்குப் பசுத்துவத்தை விடுக என்பதே சைவர் கொள்ளும் பொருள். இத்தகைய கோயில்களின் புறத்தே ஆடுகோழி அறுத்தலைத் தடுக்க 1950-இல் சட்டம் இயற்றினர். நெடுங்காலம் உறங்கிய அச்சட்டத்தை 2003-இல் வலிந்து நடத்தப் புகுந்தனர். எதிர்ப்பு மிகவே 2004-இல் நீக்கினர். ஆணையாற் கத்தியைப் பிடுங்கியவர் அதனைக் கையிற் பிடித்தவன் மனத்தொடு பேசவில்லை. காப்புக்கட்டிய நாளெல்லாம் புலால் விடுத்தவன், விழா முடிந்த மறுநாள் கிடா வெட்டுகின்றான். அந்த நோன்பையே எடுத்துக்காட்டி, ‘இத்தனை நாள் அம்மைக்கு உவப்பாயிருந்தது இன்று ஏன் மாறிற்று?’ என்று கேட்பின் அவன் சிந்திப்பான். கேட்டுச் சிந்தித்தோரை யாம் கண்டுள்ளேம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்போது தம்மைப் ‘பேகன்’ என்று தாமே பெருமையுடன் அழைத்துக்கொள்வோர் தோன்றியுள்ளனர். ஐசுலாந்து என்னும் தீவில் அவர் சங்கத்தை 1973-இல் அரசு சமயமாக ஏற்றது. அத்தீவார் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டிற் கிறித்துவம் தழுவியவர்கள். இடையறுந்துபோன தம் முன்னோர் வழிபாட்டைப் பழங்கதை நூல்களிலிருந்து தேடியெடுத்து, இடம் வகுப்பது எவ்வாறு, தெய்வத்தை அழைப்பது எவ்வாறு, உணவு பகிர்வது எவ்வாறு, விடைகொடுப்பது எவ்வாறு என்று அங்குள்ளோர் கையேடு எழுதுகின்றனர். கையாற் கற்பித்தற்குரிய பாட்டி அவர்க்கில்லை. வீரபாண்டியில் இருக்கின்றாள். கம்பத்தை நாமே அகற்றி, நூறாண்டு கழித்து நம் வழித்தோன்றல்கள் அதனை நூல்களில் தேடுமாறு செய்தல் எவ்வகைச் சமயத்தொண்டு?

ஆதலின் மடங்களை ஆளும் பெரியோரிடத்து ஒரு விண்ணப்பம். விழா நடக்கும் எட்டு நாட்களும் கூட்டமும் ஆரவாரமும் நிறைந்தவை; அப்போது எவர் சொல்லும் எவர் செவியிலும் ஏறாது. கம்பம் நட்டது முதல் விழாத் தொடங்கும் வரையுள்ள மூன்று வாரமே ஏற்ற காலம். தமிழ் நன்கறிந்த அடியார் இருவர் மூவரை அந்நாட்களில் ஆற்றங்கரையில் தங்குமாறு அனுப்புக. மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டா. நீர் முகக்க வருவோர்க்குத் திருநீறு கொடுத்து, திருமுறையில் ஒரு பதிகம் ஓதி, கம்பத்தின்மேல் நீர் விழும்போது சொல்லுதற்கு ஐந்தெழுத்தைக் கற்பித்தல் போதும். கேட்போர் கேட்க, கேளாதார் நீர் சொரிந்து செல்க. அவ்வடியார்களும் ஒரு குடம் சுமந்து சென்று ஊற்றுவாராயின் இன்னும் நன்று. வரும் சித்திரைக்கு முன்னரே இதற்கு ஒரு முடிபு செய்தருளுமாறு வேண்டுகின்றோம்.

திருச்சிற்றம்பலம்